எச்.ஐ.வி. சென்னையில் பிடிபட்ட கதை

பி.காம். படிக்கிறவன் எச்.ஐ.வி. பற்றி எழுதினால் "உனக்கெதுக்குடா இந்த வேலை?" என்று கேட்க நண்பர்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும். டிசம்பர் 1 வந்தால் கல்லூரிகளில் ரெட் ரிப்பன் கிளப் சார்பில் பேரணி, உறுதிமொழி, கோலப்போட்டி எல்லாம் நடக்கிறது. எல்லாம் முடிந்து சட்டையில் குத்திய சிவப்பு ரிப்பனைக் கழற்றும்போது பசங்க மெதுவாகக் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "வந்திருக்குன்னு எப்படித் தெரியும்? முதல் அறிகுறி என்ன?"

நெட்டில் தேடினால் பட்டியல் கிடைக்கும். காய்ச்சல், தொண்டை வலி, நெறி கட்டுதல், உடம்பில் சிவப்புத் தடிப்பு, வாய்ப்புண், உடல் வலி, இரவில் வியர்வை, வயிற்றுப்போக்கு. பட்டியலைப் படித்து முடித்தவனுக்கு அன்று ராத்திரியே தொண்டை வலிக்க ஆரம்பித்துவிடும்! பட்டியலில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு யாரையும் கண்டுபிடிக்க முடியாது, தன்னையே கூட. அது ஏன் என்பதற்கான பதில் 1986இல் நம்ம சென்னையில் நடந்த ஒரு கதைக்குள் இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் பிடிபட்டது இந்த ஊரில்தான். இது எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை.

கொஞ்சம் முன்கதை. 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் ஒரு சிறு அறிக்கை வெளியிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு ஓர் அபூர்வமான நிமோனியா வந்திருக்கிறது, எதிர்ப்புச் சக்தி சுத்தமாகப் போனவர்களுக்குத்தான் அது வரும், இவர்களுக்கு ஏன் வந்தது என்று புரியவில்லை என்பது சாராம்சம். 1983இல் பாரீஸ் பாஸ்டர் நிறுவனத்தில் லூக் மோன்தான்யே, பிரான்சுவாஸ் பாரே-சினூசி குழு அந்த வைரஸைப் பிரித்தெடுத்தது. 1985இல் ரத்தத்தைச் சோதிக்கும் எலிசா முறை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஹெச்.ஐ.வி. என்ற பெயர் 1986இல்தான் முடிவானது.

அப்போது இந்தியப் பத்திரிகைகளில் எய்ட்ஸ் என்றால் மேல்நாட்டு வியாதி. ஒழுக்கம் கெட்ட சமூகத்துக்கு வருவது, நமக்கு வராது. மும்பையில் சிலருடைய ரத்தத்தைச் சோதித்தும் பார்த்திருந்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. "பார்த்தீர்களா, நம்மிடம் இல்லை" என்று எல்லாரும் நிம்மதியாக இருந்த காலம்.

மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமனுக்கு அந்த நிம்மதி வரவில்லை. 1985 கடைசியில் தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம், ஆய்வுக் கட்டுரைக்கு எய்ட்ஸ் சோதனையையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். நிர்மலாவுக்கு அப்போது 32 வயது. சின்ன ஊர்க் குடும்பத்துப் பெண், இரண்டு சிறு குழந்தைகளின் தாய். அதுவரை எலிக்காய்ச்சல் கிருமியில் வேலை செய்துகொண்டிருந்தவர். முதலில் தயங்கினார். கணவர் வீரப்பன் ராமமூர்த்திதான் "செய்" என்று தைரியம் சொன்னார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அவர்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பாலியல் தொழிலாளர்கள், ஓரினச்சேர்க்கையாளர்கள், ஆப்பிரிக்க மாணவர்கள் என்று 200 பேரின் ரத்தம் வேண்டும் என்பது திட்டம். மும்பை மாதிரி சென்னையில் இதற்கென்று தனித்தெரு கிடையாது. எங்கே போய்த் தேடுவது? நிர்மலா ஜி.எச்.சில் (சென்ட்ரலுக்கு எதிரே இருக்கிறதே, அதேதான்) பால்வினை நோய்ப் பிரிவுக்கு வரும் பெண்களிடம் பேசிப் பழகினார். அவர்கள் மூலம் மற்றவர்களைப் பற்றி விசாரித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. போலீஸ் பிடித்துக் கொடுத்த பெண்கள் பலர் அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்தார்கள். தினமும் கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் அந்தக் காப்பக வாசலில் இறக்கிவிடுவார். பஸ் செலவுக்குக்கூட யோசிக்க வேண்டிய நிலைமையில் இருந்த இளம் தம்பதி அவர்கள். மூன்று மாதத்தில் 80 மாதிரிகள் சேர்ந்தன. கையுறை கிடையாது, பாதுகாப்பு உடை கிடையாது.

அந்தப் பெண்களிடம் இது எதற்கான சோதனை என்று நிர்மலா சொல்லவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். சொல்லியிருந்தாலும் எய்ட்ஸ் என்றால் என்ன என்று புரிந்திருக்காது என்பது அவர் பின்னாளில் சொன்ன விளக்கம். 1986இல் அதுதான் வழக்கம் என்பதும் உண்மை. ஆனாலும் எனக்கு இந்த இடம் உறுத்துகிறது. பின்னால் நடந்ததைப் பார்த்தால் உங்களுக்கும் உறுத்தும்.

சீரத்தைப் பிரித்தெடுக்க ஒழுங்கான லேப் இல்லை. சுனிதியும் அவருடைய கணவர், இதய அறுவை மருத்துவர் சாலமன் விக்டரும் சேர்ந்து ஒரு சின்ன ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். பிரித்த சீரத்தை வைக்க இடம்? நிர்மலா வீட்டு ஃபிரிட்ஜ்! எலிசா சோதனை வசதி அப்போது சென்னையில் இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் ஜான் அதற்கு ஏற்பாடு செய்திருந்தார்.

1986 பிப்ரவரியில் ஒரு நாள், ஐஸ் பெட்டியில் மாதிரிகளை அடுக்கிக்கொண்டு நிர்மலாவும் கணவரும் இரவு ரயிலில் காட்பாடிக்குக் கிளம்பினார்கள். சென்ட்ரலிலிருந்து காட்பாடிக்குப் போகிற ரயில் எதுவானாலும் நம்ம லைனில்தான் போயாக வேண்டும். பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம். அந்த ராத்திரி ஆவடி பிளாட்பாரத்தில் யாராவது நின்றிருந்தால், இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. மாதிரிகள் ஒரு ஐஸ் பெட்டிக்குள் தங்களைக் கடந்து போகின்றன என்று நினைத்துப் பார்த்திருப்பார்களா? ஸ்கூட்டரில் இறக்கிவிட்டதோடு நிற்காமல், இந்தப் பெட்டியோடும் கூடவே போனார் பாருங்கள், அதனால்தான் ராமமூர்த்தியைப் பிடிக்கும் என்றேன்.

வேலூரில் ஜேக்கப் ஜானின் துறையைச் சேர்ந்த ஜார்ஜ் பாபு, எரிக் சிமோஸ் இருவரும் உதவிக்கு வந்தார்கள். சோதனை நடுவில் கரண்ட் போய்விட்டது (தமிழ்நாட்டு வரலாற்றில் கரண்ட் போகாத அத்தியாயம் உண்டா!). டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து தட்டைத் திறந்தால் ஆறு குழிகள் மஞ்சளாகியிருந்தன.

யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒன்றுகூட வராது, "இல்லை" என்று எழுதிக் கட்டுரையை முடித்துக்கொள்ளலாம் என்றுதான் நிர்மலாவே நினைத்திருந்தார். ஜேக்கப் ஜான் விஷயத்தை வெளியே விடக்கூடாது என்று சொன்னார். எல்லாரும் சேர்ந்து மறுபடி காப்பகத்துக்குப் போய் அந்த ஆறு பெண்களிடமும் புதிதாக ரத்தம் எடுத்தார்கள். சிமோஸ் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். வெஸ்டர்ன் பிளாட் என்ற உறுதிச் சோதனையிலும் ஆறும் பாசிட்டிவ். ஆறு பேரில் ஒருவர் 13 வயதுச் சிறுமி என்று சுனிதி பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

சரி, கதையை இங்கே கொஞ்சம் நிறுத்துவோம். அந்த மஞ்சள் நிறம் என்ன? அது வைரஸ் இல்லை. இதைப் புரிந்துகொண்டால் அறிகுறிக் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்த மாதிரி.

எலிசா தட்டின் ஒவ்வொரு குழியிலும் வைரஸின் புரதத்தைப் பூசி வைத்திருப்பார்கள். நம் சீரத்தை ஊற்றினால், அதில் அந்தப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் ஒட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் கழுவும்போது போய்விடும். ஒட்டியதன் மேல் ஒரு நொதியை ஏற்றி, நிறம் மாறும் திரவத்தை விட்டால் மஞ்சள். அதாவது, வேலூரில் அவர்கள் பார்த்தது எதிரியை அல்ல. எதிரி வந்ததற்கு நம் உடம்பு தயாரித்த ஆயுதத்தை.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியை ஒரு ஃபேக்டரியாக நினைத்துக்கொள்ளுங்கள் (அம்பத்தூர் எஸ்டேட் சங்குச் சத்தம் கேட்டு வளர்ந்தவனுக்கு வேறு உதாரணம் வராது). ஆன்டிபாடி செய்கிற பி செல்கள் ஒரு ஷாப். கெட்டுப்போன செல்களை நேரடியாகக் கொல்லும் சி.டி.8 செல்கள் இன்னொரு ஷாப். என்ன கிருமி வந்திருக்கிறது, எந்த ஷாப் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று உத்தரவு போடுகிற சூப்பர்வைசர்கள்தான் சி.டி.4 செல்கள். ஆரோக்கியமானவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் 500 முதல் 1500 வரை இருக்கும்.

மற்ற கிருமிகள் ஃபேக்டரிக்குள் புகுந்தால் தொழிலாளியோடு மோதும், சரக்கைக் கெடுக்கும். எச்.ஐ.வி. நேராக சூப்பர்வைசர் ரூமுக்குப் போகிறது. அதன் மேலிருக்கும் ஒரு புரதம் சி.டி.4 என்ற பூட்டுக்கே பொருந்தும் சாவி. உள்ளே போனதும் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதுகிறது, அதை நம் செல்லின் டி.என்.ஏ.வுக்குள் செருகிவிடுகிறது. எங்கள் பாஷையில் சொன்னால் லெட்ஜரில் ஒரு பொய் என்ட்ரி. அதுவும் பென்சிலில் இல்லை, பக்கத்தையே ஒட்டி பைண்டிங் போட்டாகிவிட்டது. வருஷா வருஷம் அந்த என்ட்ரி கேரி ஃபார்வர்டு ஆகிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு இருக்கும் மருந்துகள் வைரஸை அடக்குகின்றன, ஆனால் முழுதாகத் துடைக்க முடியவில்லை என்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

உள்ளே வந்த முதல் சில வாரங்களில் தடுக்க ஆள் இல்லாததால் வைரஸ் தாறுமாறாகப் பெருகும். ஒரு மில்லி ரத்தத்தில் லட்சக்கணக்கில், சிலருக்குப் பத்து லட்சத்தையும் தாண்டும். நம் சி.டி.4 செல்களில் பெரும் பங்கு குடல் சுவரில்தான் குடியிருக்கிறது. அங்கே இந்த முதல் வாரங்களிலேயே பெரிய அழிவு நடந்துவிடுகிறது, வெளியே ஒன்றும் தெரியாமல். இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் உடம்பு விழித்துக்கொண்டு அலாரம் அடிக்கிறது. இன்டர்ஃபெரான் மாதிரியான ரசாயனங்கள் ரத்தத்தில் கொட்டுகின்றன. காய்ச்சல், உடல் வலி, நெறி, தடிப்பு எல்லாம் அப்போது வருபவை. கவனியுங்கள், காய்ச்சல் வைரஸ் போடுகிற சத்தம் இல்லை. நம் ஆட்கள் போடுகிற சத்தம்.

இந்தச் சத்தம் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். சிலருக்கு வருவதே இல்லை. வந்தாலும் டெங்கு, டைபாய்டு, சாதாரண ஃப்ளூ இதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. மழைக்காலத்தில் ஆவடி பக்கம் எந்த கிளினிக்கில் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து பாருங்கள், மேலே சொன்ன பட்டியலில் இருக்கும் எல்லா அறிகுறியும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். எச்.ஐ.வி. பெரும்பாலும் ஒருவருக்கும் இருக்காது.

இதில் இன்னொரு சிக்கல். ஆன்டிபாடி தயாராக நேரமாகும். 1986 காலத்து எலிசாவில் அது தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம். காய்ச்சல் அடிக்கும் நாளில் சோதனை செய்தால் "இல்லை" என்று வரும். சோதனை "இருக்கிறது" என்று சொல்லும் நாளில் காய்ச்சல் போய் மாதமாகியிருக்கும். வேலூரில் மஞ்சளான ஆறு குழிக்குச் சொந்தக்காரப் பெண்களை யாரும் எய்ட்ஸ் நோயாளி என்று சந்தேகப்பட்டு ரத்தம் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தவர்களை மட்டும் தேடியிருந்தால் சென்னையும் அன்றைக்கு "இல்லை" என்றுதான் எழுதியிருக்கும். சுனிதியும் நிர்மலாவும் அறிகுறியைத் தேடவில்லை. அதனால்தான் கண்டுபிடித்தார்கள்.

செய்தி மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்குப் போய், அங்கிருந்து பிரதமர் ராஜீவ் காந்திக்கும் தமிழக சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டேவுக்கும் போனது. 1986 மே மாதம் ஹண்டே சட்டசபையில் அறிவித்தார். ஊரே கொந்தளித்தது. சோதனையே தப்பு என்றார்கள். மராட்டியக் குடும்பத்துப் பெயரைப் பார்த்துவிட்டு, வடக்கிலிருந்து வந்த அம்மா நம்மை அசிங்கம் என்கிறாள் என்றும் சுனிதியைத் திட்டினார்கள். தோல் வியாபாரக் குடும்பத்தில் இதே மெட்ராஸில் பிறந்து வளர்ந்தவர் அவர்!

அந்தப் பெண்களுக்கு நடந்தது இதைவிட மோசம். எச்.ஐ.வி. இருப்பது தெரிந்த பாலியல் தொழிலாளர்களைத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் காப்பகத்தை விட்டு வெளியே அனுப்பாமல் வைத்திருந்தார்கள். வெளியே விட்டால் பரப்புவார்கள் என்பது காரணம். பரப்புகிற மற்ற பாதி, அதாவது காசு கொடுத்து வந்த ஆண்கள், வீட்டில் இருந்தார்கள். அவர்கள் ரத்தத்தை யாரும் எடுக்கவில்லை. ஷியாமளா நடராஜ் என்ற பத்திரிகையாளர் சென்னை உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். 1990இல் விடுதலைக்கு உத்தரவானது. சென்னையில் மட்டும் நடந்த கொடுமை இல்லை இது. 1989இல் கோவாவில் ரத்த தானம் செய்யப் போன டொமினிக் டிசோசா என்ற இளைஞரை, எச்.ஐ.வி. இருப்பதாகச் சொல்லி ஒரு பழைய காசநோய் ஆஸ்பத்திரியில் 64 நாள் அடைத்து வைத்தார்கள். தனக்கு என்ன என்று சொல்லாமலே போலீஸ் அழைத்துப் போனது. சோதனை என்பது கண்டுபிடிக்க மட்டும் இல்லை, பிடித்து வைக்கவும் பயன்பட்டது. அப்படி இருந்தால் எவன் தானாக வந்து கையை நீட்டுவான்?

வைரஸுக்கு இந்தப் பயம் ரொம்ப வசதி. முதல் காய்ச்சலுக்குப் பிறகு எட்டு, பத்து வருடம் அது வெளியே தெரியாமல் இருக்கும். அந்தக் காலத்தை "உறக்க நிலை" என்று ரொம்ப நாள் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1995இல் டேவிட் ஹோ குழுவும் ஜார்ஜ் ஷா குழுவும் அது உறக்கம் இல்லை என்று காட்டினார்கள். தினமும் நூறு கோடிக்கு மேல் புது வைரஸ் பிறக்கிறது, உடம்பு தினமும் அழிக்கிறது, செத்த சி.டி.4 செல்லுக்குப் பதில் புதிது போடுகிறது. வரவும் செலவும் கிட்டத்தட்ட சமமாக ஓடுவதால் பேலன்ஸ் ஷீட் நன்றாக இருப்பது போலத் தெரிகிறது, அவ்வளவுதான். ஆனால் வருடத்துக்குச் சுமார் 50, 100 என்று முதல் கரைந்துகொண்டே வரும். 200க்குக் கீழே போனால் எய்ட்ஸ். அதற்கப்புறம் சாதாரண ஆளிடம் வாலாட்டாத கிருமிகள் எல்லாம் வேலையைக் காட்டும்.

நம் ஊரில் அதில் முதலில் வந்து நின்றது காசநோய். அதனால்தான் சென்னையில் எய்ட்ஸ் சிகிச்சையின் தலைநகரம் தாம்பரம் ஆனது. 1928இல் டாக்டர் சௌரி முத்து என்பவர் காசநோயாளிகளுக்காக ஆரம்பித்த சானடோரியம் அது. 1937இல் அரசு எடுத்துக்கொண்டது. மற்ற ஆஸ்பத்திரிகள் எச்.ஐ.வி. என்றதும் கதவைச் சாத்திய 1990களில் இங்கே படுக்கை கொடுத்தார்கள். 1993 முதல் ஆள் வர ஆரம்பித்து, ஆந்திராவிலிருந்தெல்லாம் ரயிலேறி வந்தார்கள். அப்போது கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் செ.நெ. தெய்வநாயகம் சித்த மருந்துகளையும் கொடுத்துப் பார்த்தார். அது வைரஸைக் கட்டுப்படுத்தும் மருந்து இல்லை என்பது இன்றைக்கு நமக்குத் தெளிவு. ஆனால் அன்று வேறு மருந்து ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தது, தொட்டுப் பார்க்கவே ஆள் இல்லாமலும் இருந்தது என்பதை மறந்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது சுலபம்.

சுனிதி 1993இல் ஒய்.ஆர். கைதோண்டே பெயரில் தன் மையத்தைத் தொடங்கினார். 1994இல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. நாட்டிலேயே இப்படி ஒரு சங்கம் அமைத்த முதல் மாநிலம் நாம்தான். 1997, 98இல் எச்.ஐ.வி. உள்ளவர்களே சேர்ந்து சென்னையில் அமைப்புகள் தொடங்கினார்கள். பெண்களுக்கென்று தனி அமைப்பும் அதில் ஒன்று. பணத்துக்காக ரத்தம் விற்பதை உச்ச நீதிமன்றம் 1996 தீர்ப்பில் தடுக்க, 1998 ஜனவரி முதல் அது அமலுக்கு வந்தது.

அப்புறம் 2000களின் தொடக்கத்தில் வந்த புள்ளிராஜா! "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று ஊர் முழுக்கப் போர்டு. நம்ம அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதுவரை மண்டை ஓடு, எலும்பு, "எய்ட்ஸ் = மரணம்" என்று பயமுறுத்திய விளம்பரங்களிலிருந்து விலகி, பஸ்ஸில், டீக்கடையில் சிரித்துக்கொண்டே பேச வைத்தது. ராஜா என்ற பெயர் கொண்ட பையன்கள் பாடு திண்டாட்டமானது வேறு விஷயம். ஆனால் பாருங்கள், அந்தக் கேள்வியிலும் புள்ளிராஜா பார்க்க எப்படி இருக்கிறான் என்று இல்லை. என்ன செய்கிறான் என்பதுதான் விஷயம். பூந்தமல்லி ஹைரோட்டில் லாரியைக் கண்டாலே "இவங்கதான் கொண்டு வர்றாங்க" என்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு இது நல்ல பதில்.

இனி என் சப்ஜெக்ட்: விலை. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸ் அடங்கும் என்று 1996இலேயே தெரிந்துவிட்டது. விலை ஒரு ஆளுக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். தாம்பரம் வார்டில் இருந்தவருக்கு அது செவ்வாய்க் கிரகத்து மருந்து. 2001 பிப்ரவரியில் மும்பை சிப்லா கம்பெனியின் யூசுஃப் ஹமீது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு வருடத்துக்கு 350 டாலரில் தருகிறேன் என்றார். நாளைக்கு ஒரு டாலர் கூட இல்லை. அப்போது இந்தியச் சட்டத்தில் மருந்துக்கு அல்ல, அதைத் தயாரிக்கும் முறைக்குத்தான் காப்புரிமை இருந்தது. வேறு முறையில் செய்தால் வழக்குப் போட முடியாது. பிசினஸ் லா பேப்பரில் இரண்டு மார்க் கேள்வியாகப் படித்துவிட்டுப் போகிற ஒரு சட்டப் பிரிவு எத்தனை உயிரை வைத்திருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாக மருந்து தர ஆரம்பித்தது. முதலில் தொடங்கிய எட்டு ஆஸ்பத்திரிகளில் தாம்பரம் ஒன்று. அன்று விதி, சி.டி.4 எண்ணிக்கை 200க்குக் கீழே போனால்தான் மருந்து. முதல் முக்கால்வாசி கரையட்டும், அப்புறம் பார்க்கலாம் என்ற மாதிரி. மருந்து குறைவு, பக்க விளைவு அதிகம் என்ற காரணங்களும் இருந்தன. இதை மாற்றிய ஆராய்ச்சிகளில் ஒன்றிலும் சென்னைக்குப் பங்கு உண்டு. ஒருவருக்கு வைரஸ் இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 ஜோடிகளை ஒன்பது நாடுகளில் தொடர்ந்து கவனித்தார்கள், சுனிதியின் மையமும் ஓர் இடம். 2011இல் முடிவு வந்தது: சி.டி.4 குறையும் வரை காத்திருக்காமல் சீக்கிரமே மருந்து ஆரம்பித்தால் துணைவருக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது. இதற்குப் பிறகு இன்னும் ஆராய்ச்சிகள் வந்து, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் அளவிட முடியாத நிலைக்குப் போனவரிடமிருந்து உடலுறவு மூலம் பரவுவதில்லை என்பதே உறுதியானது. 2017இல் இந்தியா விதியை மாற்றியது. சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் சரி, சோதனையில் தெரிந்த உடனே மருந்து.

மருந்து மாறிவிட்டது. தெரிந்ததைச் சம்பந்தப்பட்டவரிடம் சொல்வது மட்டும் இன்னும் தடுமாறுகிறது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது தெரியவந்தது. ரத்தம் கொடுத்த இளைஞர் 2016இலேயே ஒருமுறை தானம் செய்திருக்கிறார், அப்போதே சோதனையில் தெரிந்திருக்கிறது, அவருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. பார்க்க ஆரோக்கியமாக இருந்தார், தானும் அப்படித்தான் நினைத்தார், உறவினருக்காக மறுபடி கொடுத்தார். அந்த மாதக் கடைசியில் அவர் இறந்துபோனார். காப்பகத்துப் பெண்களிடம் சொல்லாமல் எடுத்த ரத்தம் எனக்கு ஏன் உறுத்துகிறது என்று இப்போது புரியும். அதே ஆண்டு செப்டம்பரில்தான் எச்.ஐ.வி. சட்டம் அமலுக்கு வந்திருந்தது. சம்மதம் இல்லாமல் சோதிக்கக்கூடாது, முடிவை வெளியே சொல்லக்கூடாது, வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது.

நிர்மலா 1987 மார்ச்சில் கட்டுரையைச் சமர்ப்பித்தார். அப்புறம் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் தடுப்பூசித் தயாரிப்பில் வேலைக்குச் சேர்ந்து 2010இல் ஓய்வு பெற்றார். பல வருடம் அவர் பெயரே யாருக்கும் தெரியாது. சுனிதி சாலமன் 2015 ஜூலை 28 அன்று காலமானார், 2017இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

கடைசியாக, முதலில் கேட்ட நண்பர்களுக்கு. இன்றைய நான்காம் தலைமுறைச் சோதனை ஆன்டிபாடியோடு வைரஸின் பி24 புரதத்தையும் பார்க்கிறது. லேபில் செய்தால் 18 முதல் 45 நாளுக்குள் தெரிந்துவிடும். ஆன்டிபாடியை மட்டும் பார்க்கும் விரல் நுனிச் சோதனை என்றால் மூன்று மாதம் கழித்து ஒருமுறை உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆபத்தான தொடர்பு நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் காத்திருக்கவே வேண்டாம், உடனே அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள், தடுப்பு மருந்து 28 நாள் கொடுப்பார்கள். சோதனை எங்கே என்றால், அரசு மருத்துவமனைகளில் "நம்பிக்கை மையம்" என்று போர்டு இருக்கும். காசு கிடையாது, முடிவு உங்களுக்கு மட்டும்தான். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 1097க்குப் போன் போட்டுத் தமிழிலேயே கேட்கலாம்.